மர பேட்டா, அலுமினிய பேட்டா? குமரி மாவட்டப் பிள்ளைகளின் பேஸ்பால் பயிற்சி

கேள்வி: மே 28, இரவு 9.40

தக்கலைப் பக்கம் நாங்க. மகன் இந்த வருசம் எட்டாம் வகுப்பு. கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தவனை ஸ்கூல்ல பேஸ்பால் டீமுக்கு எடுத்திருக்காங்க. பி.டி. சார் மர பேட் வாங்கித் தரச் சொல்லுதாரு. கூட ஆடுற பயலுவ எல்லாம் அலுமினிய பேட்தான் வச்சிருக்கானுவ. என் மச்சான், "மரம் எல்லாம் பழைய காலம், ரெண்டு மாசத்துல முறிஞ்சிரும், காசு தண்டம்" என்கிறார். யார் சொல்றது சரி? வாங்குறதா இருந்தா என்ன அளவு பார்க்கணும்?

மே 28, இரவு 11.15

பி.டி. சார் சொன்னது சரி. முறியும் என்று மச்சான் சொன்னதும் சரிதான். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வழி கிடைக்கும்: பயிற்சிக்கு மரம், மேட்சுக்கு அலுமினியம். மார்த்தாண்டம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் மரம் வேண்டாம் என்பேன். உங்கள் மகன் தாராளமாகப் பிடிக்கலாம். ஏன் மரம் என்பதை நாளைக்கு எழுதுகிறேன்.

மே 29, காலை 6.30

அலுமினிய பேட் உள்ளே வெற்று. பந்து படும்போது அதன் சுவர் லேசாக உள்வாங்கி உடனே திரும்பத் தள்ளும். அதனால் பந்து அவ்வளவாக நசுங்குவதில்லை, வேகமும் அதிகம் வீணாவதில்லை. கைப்பிடிப் பக்கம் பட்டாலும் நுனியில் பட்டாலும் பந்து எப்படியோ இன்ஃபீல்டை (அடிப்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் உள்மைதானம்) தாண்டிவிடும். பையன் நன்றாக அடித்ததாக நினைத்துக்கொள்வான், வெளியே நிற்கிற அப்பாவும் கை தட்டுவார். ஸ்விங்கில் இருக்கும் கோளாறு அப்படியே இறுகிப்போகும்.

மரம் அப்படி ஒளித்து வைக்காது. முனையிலிருந்து ஏறக்குறைய 5 முதல் 7 அங்குலம் வரை உள்ள இடத்தில் பட்டால்தான் பந்து போகும். அதைத் தாண்டி எங்கே பட்டாலும் சத்தம் மொத்தென்று வரும், உள்ளங்கை விறுவிறுவென்று அதிரும், பந்து பிட்சரின் (பந்து வீசுகிறவர்) காலடியில் உருண்டு நிற்கும். நான் வாயே திறக்க வேண்டியதில்லை. பையனே அடுத்த பந்துக்கு ஒரு எட்டு தள்ளி நிற்பான், அல்லது கையை உள்ளே கொண்டுவருவான். எத்தனை முறை கத்திச் சொன்னாலும் ஏறாத விஷயம் கைவலியில் ஏறிவிடும்.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். மர பேட்டின் நாப்புக்கு (கைப்பிடிக் கடைசியில் இருக்கும் குமிழ்) சற்று மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். ஒரு சின்னச் சுத்தியலால் முனையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். விரலில் அதிர்வு தெரியும். ஓரிடத்தில் மட்டும் அதிர்வு செத்துப்போகும். அதைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வளையம் போடுங்கள். மகனிடம் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்: பந்து அந்த வளையத்தில் பட வேண்டும்.

மே 30, மதியம்

"பழைய காலம்" என்ற பேச்சு இங்கே இன்னும் இரண்டு பேரிடமிருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கில் இன்று வரைக்கும் ஒரே துண்டு மரத்தில் செய்த பேட் மட்டும்தான். பருமன் 2.61 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, நீளம் 42 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அலுமினியம் நுழைந்தது பள்ளி கல்லூரி ஆட்டங்களில்தான். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் ஜப்பான் உயர்நிலைப் பள்ளி ஆட்டத்திலும் 1974-இல் அனுமதித்தார்கள். மரம் முறிந்துகொண்டே இருக்கிறது, செலவு தாங்கவில்லை என்பது பெரிய காரணம். மச்சான் சொல்லும் அதே காரணம்தான்.

பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். அலுமினிய பேட்டில் பந்து பறக்கும் வேகம் கூடிக்கூடி, பிட்சருக்கு ஆபத்து என்ற நிலை வந்தது. 2011-இல் அமெரிக்கக் கல்லூரிகளிலும் 2012-இல் அங்கே உயர்நிலைப் பள்ளிகளிலும் பி.பி.சி.ஓ.ஆர். என்ற அளவுகோல் வந்தது. அலுமினிய பேட் மரத்தின் அளவுக்குத்தான் தள்ள வேண்டும் என்பது அதன் சாரம். 2018 ஜனவரியிலிருந்து சின்னப் பிள்ளைகளின் லீக்குகளுக்கும் அதே நோக்கத்தில் புது விதி. ஜப்பான் 2024-இல் பள்ளி அலுமினிய பேட்டின் பருமனை 67 மில்லிமீட்டரிலிருந்து 64-ஆகக் குறைத்து, சுவரைத் தடிமனாக்கியது. உலகம் மரத்தை விட்டு ஓடவில்லை, அலுமினியத்தை இழுத்து மரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

18 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் மர பேட்தான். ஜப்பான் பையன்கள் பள்ளி முழுக்க அலுமினியத்தில் அடித்துவிட்டு, அந்தப் போட்டிக்குத் தேர்வானதும் மரத்துக்கு மாறத் திணறுவார்கள். இதற்காகவே அங்கே பல பள்ளிகளில் பயிற்சிக்கு மரம், அல்லது மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த பேட். மூங்கில் சுலபத்தில் முறியாது, ஆனால் தவறான இடத்தில் பட்டால் கையை நன்றாகக் கடிக்கும். பயிற்சிக்கு வேறென்ன வேண்டும்.

ஜூன் 2, இரவு

எடை. இதை முதல் நாளே எழுதியிருக்கலாம், ஏனென்றால் மரமா அலுமினியமா என்பதைவிட இது பெரிய கேள்வி.

பேட்டின் நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்ஸிலும் சொல்வார்கள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்பார்கள். பிள்ளைகளுக்கான 30 அங்குல அலுமினிய பேட் டிராப் 10 என்றால் 20 அவுன்ஸ், அதாவது 567 கிராம். அதே நீளத்தில் மரம் டிராப் 5 என்றால் 25 அவுன்ஸ், கிட்டத்தட்ட 709 கிராம். 140 கிராம் கூடுதல். கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சுழற்றும்போது அந்த எடை தூரத்தில், முனையில் இருக்கிறது, அங்கேதான் பிள்ளையின் மணிக்கட்டை இழுக்கும்.

கனமான பேட்டைக் கொடுத்தால் என்ன நடக்கிறது என்று மைதானத்தில் பார்த்தால் தெரியும். பின்கை முட்டி கீழே தொங்கும். பேட் தலை இடுப்புக்குக் கீழே விழும். சுழற்ற முடியாமல் உடம்பையே முன்னால் தூக்கி எறிவான். ஒரு சீசன் அப்படி அடித்துப் பழகினால் அதைக் கழற்ற அடுத்த சீசன் போதாது. அதற்கு லேசான அலுமினியமே நல்லது.

ஒரு சோதனை. நாப் பக்கம் ஒரு கையால் பிடித்து, கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டச் சொல்லுங்கள். மெல்ல 20 எண்ணுங்கள். அதற்குள் பேட் முனை இறங்கினால் அந்த பேட் அவனுக்கு வேண்டாம். அல்லது நாப்பிலிருந்து இரண்டு அங்குலம் ஏற்றிப் பிடிக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். ஏற்றிப் பிடித்தால் எடை மாறாது, ஆனால் சுழற்ற வேண்டிய பாரம் குறையும்.

முதல் நாள் பத்து வயது என்று ஒரு கோடு போட்டிருந்தேன். அந்தக் கோட்டை எடுத்துவிட்டு இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளுங்கள். கொளச்சல் பக்கத்திலிருந்து ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான், உருவம் சின்னது, விடுமுறையில் கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய மீன்வலை) இழுத்துப் பழகிய கை. எட்டாம் வகுப்புப் பையன்கள் தடுமாறும் பேட்டை அவன் ஆடாமல் பிடித்து நிற்பான். வயது எதையும் சொல்லாது.

ஜூன் 3, காலை

ஜப்பானில் பள்ளி பேட் 900 கிராமுக்குக் குறையக் கூடாதாமே, நம் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தால் என்ன என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அந்த விதி 15 வயதுக்கு மேற்பட்ட, தினமும் ஆடுகிற பையன்களுக்கு. எட்டாம் வகுப்புக்கு வேண்டாம் தம்பி.

ஜூன் 5, இரவு

கிரிக்கெட்டிலிருந்து வருகிற பிள்ளை என்று தக்கலை அண்ணாச்சி எழுதியிருந்ததை இன்று மறுபடி வாசித்தேன். நம் மாவட்டத்தில் பேஸ்பாலுக்கு வருகிறவர்கள் எல்லாருமே அப்படித்தான். கும்பப்பூ அறுவடை முடிந்த வயலில் தென்னமடலை வெட்டி பேட்டாக்கி ஆடி வளர்ந்த கை. மடலுக்கும் கிரிக்கெட் பேட்டுக்கும் தட்டை முகம் உண்டு. பந்துக்கு முகத்தைக் காட்டினால் போதும், பந்து போகும். பேஸ்பால் பேட் உருண்டை. முகம் காட்ட முடியாது, உருண்டை மேல் உருண்டை பட வேண்டும். ஒரு விரல் மேலே பட்டால் தரையில் உருளும், ஒரு விரல் கீழே பட்டால் நேர் மேலே எழும்பி கேட்சரின் (அடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கிறவர்) கையில் விழும்.

நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற பழக்கங்கள்: பேட்டை உள்ளங்கையில் அழுத்திப் பிடிப்பது (விரல்களில் பிடிக்க வேண்டும், கதவைத் தட்டும் நடு விரல்முட்டிகள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வர வேண்டும்). முன் பக்கக் கை முட்டியைத் தூக்கி நேர் பேட்டாக இறக்குவது. பின்னால் தள்ளிவிட்டு பவுண்டரி என்று நினைப்பது, பேஸ்பாலில் அது ஃபவுல், செல்லாத அடி.

இன்னொன்று, சிரிப்பு வந்தாலும் ஆபத்தானது. அடித்தவுடன் பேட்டோடு ஓடுவார்கள். முதல் பேஸ் (ஓடித் தொட வேண்டிய முதல் இடம்) வரைக்கும் பேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், அங்கே கிரீஸில் வைப்பதுபோல் பேட்டை நீட்டித் தரையில் தட்டிய பிள்ளை ஒருவன் எங்களிடம் உண்டு. மைதானம் முழுக்கச் சிரித்தது. "பேட்டக் கீழ போட்டுட்டு ஓடு மக்களே" என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிச் சொல்லித்தான் மாறியது. சிலர் அதைக் கேட்டுவிட்டுப் பின்னால் விசிறி எறிவார்கள், அது இன்னும் மோசம், கேட்சர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். மரத்தில் பழகுகிற பிள்ளை எறிவது குறைவு. எறிந்தால் பேட் விரியும், அடுத்த நாள் அடிக்கப் பேட் இருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

ஜூன் 9, மதியம்

பேட்டை உள்ளூர் மரத்தில் கடைந்துகொள்ளலாமா என்று இங்கே கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். இது எனக்குப் பிடித்த விஷயம், நீளமாகப் போகும்.

பேட் மரம் என்றால் வெளிநாட்டில் மூன்றுதான் பேச்சு: ஆஷ், மேப்பிள், பர்ச். முந்தைய காலத்தில் ஹிக்கரி, பழைய அமெரிக்க ஆட்டக்காரர் பேப் ரூத் தூக்கிச் சுழற்றியது அந்தக் கனத்த மரம். பிறகு நெடுங்காலம் ஆஷ். 2001-இல் பேரி பாண்ட்ஸ் மேப்பிள் பேட்டால் ஒரே சீசனில் 73 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், பலரும் மேப்பிளுக்கு மாறினார்கள். அடுத்த வருடமே அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் ஆஷ் மரத்தைத் துளைத்துக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. காடு காடாக ஆஷ் மரங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன.

மேப்பிளுக்கு ஒரு குணம், முறிந்தால் ஈட்டிபோல் துண்டாகப் பறக்கும். 2008-இல் அது பெரிய சர்ச்சையாகி, முறிந்த பேட்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். முக்கியமான குற்றவாளி ரேகை ஓட்டம். மரத்தின் ரேகை பேட்டின் நீளத்தோடு நேராக ஓடாமல் சாய்ந்து வெளியே போனால், அந்தச் சாய்விலேயே பிளக்கும். 3 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது என்று வைத்தார்கள், அதாவது 20 அங்குல நீளத்துக்கு ஏறக்குறைய 1 அங்குலம். மேப்பிளில் ரேகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதனால் கைப்பிடியில் ஒரு சொட்டு மை வைப்பார்கள். மை ரேகை வழியே இழுத்துக்கொண்டு ஓடும், சாய்வு தெரிந்துவிடும். மைப்பேனாவும் வார்னிஷ் அடிக்காத மரமும் இருந்தால் நம் வீட்டுத் திண்ணையிலும் இதைச் செய்யலாம்.

கட்டில் கால் கடைகிற பட்டறை ஒன்றுக்கு ஒரு பழைய பேட்டை மாதிரிக்கு எடுத்துப்போனேன். மூத்த ஆசாரியார் பேட்டைக் கையில் வாங்கி, முதலில் எடை பார்க்கவில்லை, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ரேகையைத்தான் பார்த்தார். அப்புறம் அங்கே கிடந்த ரப்பர் கட்டையைக் காட்டி, "இது கடைய சுகம் தம்பி, ஆனா ரேகை சாஞ்சு போவுது, அடி தாங்காது" என்றார். அமெரிக்காவில் சோதனைக்கூடம் சொன்னதை இவர் கட்டையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கமெல்லாம் ரப்பர் தோட்டம், வயதான மரம் வெட்டும்போது மில்லில் தாராளமாகக் கிடைக்கும். மருந்து ஏற்றாத ரப்பர் கட்டையில் பூச்சியும் நீலப் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும் என்பது வேறு.

அயினி வள்ளத்துக்கும் கதவுக்கும் நல்ல மரம், பந்து அடிக்கு நான் நம்பவில்லை. தேக்கு நாள்பட நிற்கும், ஆனால் திடீர் அடிக்கு விண்டுவிடும். புளி பிள்ளைகளால் சுழற்ற முடியாத கனம். காஷ்மீர் வில்லோ கிரிக்கெட்டுக்குத்தான், பேஸ்பாலின் கெட்டிப் பந்தில் குழி விழும். ஹாக்கி மட்டைக்குப் பயன்படும் முசுக்கொட்டை மரம் ஒருவேளை தாங்கும், ஆனால் பேட் அளவுக்கு நேர் ரேகைக் கட்டை இங்கே நம் கைக்கு வராது.

அதனால் நான் செய்வது இது. ஆசாரியார் பொறுக்கிக் கொடுத்த நேர் ரேகைத் தேக்கில் சின்ன பேட்கள், 26, 27 அங்குலம், மெலிந்த பேரல் (பந்து படும் தடித்த பாகம்). அவற்றால் டென்னிஸ் பந்தை மட்டும்தான் அடிக்க விடுவேன். தோல் பந்துக்கு அவை வரக் கூடாது, இதில் எனக்குச் சமரசம் இல்லை. தோல் பந்துக்குக் கடையில் வாங்கிய ஆஷ், மேப்பிள், அல்லது மூங்கில்.

ஜூன் 9, இரவு

மேலே விட்டுப்போனது. பேட்டில் முத்திரை இருக்கும், அடிக்கும்போது அது வானத்தையோ தரையையோ பார்க்க வேண்டும், பந்தைப் பார்க்கக் கூடாது. மரத்தின் பலமான பக்கம் பந்தில் படும்படி கணக்குப் பண்ணித்தான் முத்திரை குத்துகிறார்கள். ஆஷுக்கும் மேப்பிளுக்கும் பலமான பக்கம் வேறு வேறு, அதற்கேற்ப முத்திரையின் இடமும் மாறும். நம் பிள்ளைகள் முத்திரை பளிச்சென்று தெரியட்டும் என்று பிட்சரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். பேட் சீக்கிரம் முறிவதற்கு இதுவும் ஒரு காரணம், மச்சானிடம் சொல்லுங்கள்.

ஜூன் 12

சாஃப்ட்பால் பேட்டை வைத்து பேஸ்பால் அடிக்க விடாதீர்கள். பல பள்ளிகளில் ஒரே கிட் பைதான், இரண்டும் கலந்து கிடக்கும். சாஃப்ட்பால் பேட் 2.25 அங்குலம்தான், சுவர் மெல்லியது, பேஸ்பால் பட்டால் நெளியும். விளிம்பில் கீறல் விட்ட அலுமினியம் கையைக் கிழிக்கும்.

ஜூன் 14, காலை

மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாள், அவளுக்கும் மரம் பொருந்துமா என்று கேட்ட அக்காவுக்கு: டீயில் வைத்து அடிக்க அப்படியே பொருந்தும். எடைச் சோதனையும் அதேதான்.

இங்கே நான் டீ, டீ என்று சொல்கிறேன், அது என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். பந்தை இடுப்பு உயரத்தில் வைத்து அடிக்கிற கம்பம். பி.வி.சி. குழாய் ஒன்று, அடியில் கனத்துக்கு சிமென்ட் ஊற்றிய பெயின்ட் டப்பா, மேலே நாலு அங்குலம் ரப்பர் ஹோஸ். பேட் ஹோஸில் இடித்தால் வளைந்து கொடுக்கும். பந்தைப் பிடிக்கப் பழைய மீன்வலை. முட்டம், கொளச்சல் பக்கம் கேட்டால் கழித்துப்போட்ட நைலான் வலை கிடைக்கும். பேஸ்பாலின் குறுக்களவு 73 மில்லிமீட்டருக்குமேல், கண்ணி அதைவிட நன்றாகச் சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு மடிப்பாக, தொளதொளவென்று தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி முகத்துக்கு வரும்.

மர பேட்டுக்கு வரிசை இப்படி: முதலில் டீ. பந்தில் சாக்பீஸ் தேய்த்து வையுங்கள், அடித்தபின் பேட்டில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று பிள்ளையே பார்க்கட்டும். உள்பக்கப் பந்துக்கு டீயை முன்னே தள்ளி, வெளிப்பக்கப் பந்துக்குப் பின்னே இழுத்து வைக்க வேண்டும், பந்து பேட்டைச் சந்திக்கும் இடம் அப்படித்தான் மாறும். அது சரியானபின் பக்கத்திலிருந்து மெல்லப் போட்டுக் கொடுக்கும் பந்து. அதன்பின் எதிரிலிருந்து மெதுவான பந்து. வேகமான பிட்சிங் வந்தால் அலுமினியத்துக்கு மாறிக்கொள்ளட்டும். தவறாக அடிக்கும் காலத்திலேயே மரத்தை வேகப் பந்துக்குக் கொடுத்தால் முறியத்தான் செய்யும், கையும் வலித்து, பிள்ளை பந்துக்குப் பயப்பட ஆரம்பித்துவிடும். அந்தப் பயம் வராமல் பார்ப்பதுதான் என் முதல் வேலை.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மர பேட் போதும். ஆளுக்கொன்று வாங்க வேண்டாம்.

ஜூன் 18, இரவு

இடவப்பாதி மழை விடவே இல்லை. மர பேட் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஈரத் தரையில் போடாதீர்கள், சிமென்ட் தரையிலும் சுவரோரம் சாய்த்து நாள்கணக்கில் விடாதீர்கள், ஈரம் ஏறி கனமாகும். நனைந்தால் துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். அடுப்பு மேல் பரணில் போட்டுக் காயவைத்தால் உலர்ந்து வெடிக்கும். மைதானம் நனைந்த நாளில் பந்தும் நீர் குடித்துக் கனக்கும், அன்று மரத்தால் தோல் பந்து அடிக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் அப்படிப்பட்ட நாளில் பள்ளி வராந்தாவில் குச்சியால் இறகுப்பந்து அடிப்பார்கள். ஜப்பானிலும் அப்படி அடிக்கிறார்கள். டொமினிகன் குடியரசில் விளக்குமாற்றுக் கம்பால் தண்ணீர் கேன் மூடியை அடித்துப் பழகியே எத்தனையோ பேர் மேஜர் லீக் போயிருக்கிறார்கள். கிட்டிப்புள் ஆடிய நம் ஊர்க் கண்ணுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

முறிந்த பேட்டில் ஆணி அடித்து டேப் சுற்றி ஆடுவதை நிறுத்துங்கள். கோடு போல விரிசல் தெரிந்தாலே அது முடிந்தது. எங்கள் பையன் ஒருவனின் முறிந்த பேட் இப்போது அவன் ஆச்சி வேட்டிக்குக் கஞ்சி கிண்டும் கம்பு. அதற்கு மிகப் பொருத்தமான நீளம், கைப்பிடியும் வழுவழுவென்று இருக்கிறதாம்.

ஜூன் 22, மாலை

தக்கலை அண்ணாச்சி நாகர்கோவிலில் ஒரு 30 அங்குல மர பேட் பார்த்திருப்பதாகவும், அட்டையில் எடை போடவில்லை என்றும் எழுதியிருக்கிறார். பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள் அண்ணாச்சி. 700 கிராமை ஒட்டி இருந்தால் மகனையும் கூட்டிப்போய் 20 எண்ணிப் பாருங்கள். 800-ஐத் தொட்டால் வேண்டாம், 29 அங்குலம் கேளுங்கள். கைப்பிடியில் ரேகை நேராக ஓடுகிறதா என்று வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், கடைக்குள் டியூப்லைட்டில் தெரியாது. பேரலின் முனையைக் கிண்ணம்போல் குழித்திருந்தால் நல்லது, முனை எடை குறையும். வாங்கியபின் முதல் வாரம் டென்னிஸ் பந்து மட்டும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், ரேகைச் சாய்வில் விண்டால் கடையில் பேச அது வேண்டும்.